கையடக்க லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி தகராறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையடக்க லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பாதிப் பேர் என்னிடம் வருவதற்குள்ளேயே சிஸ்டத்தை ஒருமுறை அழித்து மறுபடி நிறுவியிருப்பார்கள். பழுது கேபிளில் இருக்கும்போது அதனால் என்ன பயன்?

பென் டிரைவைச் சொருகினேன், ஒண்ணுமே நடக்கலையே. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

டெர்மினலிலிருந்து. லினக்ஸின் மையமான கெர்னல் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். டிமெசேஜ் என்ற கட்டளை அதைக் காட்டும். பல சிஸ்டங்களில் முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவிடும் கட்டளை) போட்டால்தான் திறக்கும். புதிய வரிகள் வரவரத் தெரியும்படி பின்தொடரும் விருப்பத்தோடு அதை ஓடவிட்டு, அப்புறம் பென் டிரைவைச் சொருகுங்கள்.

மூன்றில் ஒன்று நடக்கும். ஒரு வரிகூட வராமல் போகலாம். அப்படியானால் கேபிளையோ மின்சாரத்தையோ, கணினி ஹோஸ்டாக, அதாவது இணைப்பை நடத்தி மின்சாரமும் கொடுக்கும் பக்கமாக, மாறாததையோ சந்தேகப்படுங்கள். வரிகள் வந்து நடுவில் மைனஸ் போட்ட பிழை எண் தெரியலாம். அப்போது சாதனம் பேச ஆரம்பித்துத் திக்குகிறது. வரிகள் ஒழுங்காக வந்தும் பயன்படுத்த முடியாமல் போகலாம். அது டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்), அனுமதி, கோப்பு முறை சம்பந்தப்பட்டது. உங்களுடையது இதில் எந்த வகை என்று தெரிந்துகொண்டு கீழே படித்தால் பாதி நேரம் மிச்சம்.

ஓடிஜி கேபிள்னு தனியா வாங்கணுமா? சார்ஜ் கேபிளும் அதே மாதிரிதானே இருக்கு?

ஓடிஜி என்பது கையடக்கக் கருவியே ஹோஸ்டாகிப் பிற சாதனங்களை இயக்கும் முறை. மைக்ரோ யூஎஸ்பி போர்ட் என்றால் தனியாகத்தான் வேண்டும். சாதாரண யூஎஸ்பி-ஏ முனையில் 4 இணைப்புகள்தான். மைக்ரோவில் 5 உண்டு. கூடுதலாக இருப்பது ஐடி என்ற முள். ஓடிஜி கேபிளுக்குள் அந்த முள் கிரவுண்டோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் கணினி ‘நான் ஹோஸ்ட், 5 வோல்ட் கொடுக்க வேண்டியது என் வேலை’ என்று முடிவு செய்கிறது. சார்ஜ் கேபிளில் அந்த முள் எதோடும் சேராமல் சும்மா இருக்கும். அப்போது கணினி தன்னை ஒரு சாதனமாக நினைத்துக்கொண்டு எதிர்முனையில் ஹோஸ்ட் வரும் என்று காத்திருக்கும். இரண்டு பக்கமும் சாதனம் என்றால் யார் பேச்சைத் தொடங்குவது? பதிவேட்டில் ஒரு வரிகூட வராததற்கு இதுதான் முதல் காரணம்.

இன்னொன்று, சில மலிவுக் கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு ஒயர் மட்டுமே இருக்கும், தரவுக்கான இரண்டும் இருக்காது. சார்ஜ் ஏறுவதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துபோகிறோம். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இப்படித் தொலைத்திருக்கிறேன்.

என்னோடது டைப்-சி. அதுல ஐடி முள்ளே கிடையாதுன்னு சொல்றாங்களே?

ஆமாம், கிடையாது. டைப்-சி போர்ட்டின் 24 இணைப்புகளில் சிசி என்று இரண்டு உண்டு. அந்த வேலையை அவை பார்க்கின்றன. சாதனமாக இருப்பது அந்த இணைப்பில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குக் காட்டும். அதைக் கண்டுகொண்ட எதிர்ப்பக்கம் ஹோஸ்டாகி மின்சாரம் விடும். டைப்-சியிலிருந்து டைப்-ஏ பெண் முனைக்கு மாற்றும் சின்ன அடாப்டருக்குள் இருப்பதும் இந்த ரெசிஸ்டர்தான். அது இல்லாத, அரைகுறையாகச் செய்த அடாப்டரைச் சொருகினால் கணினி அசையாது.

கையடக்கக் கணினியையும் போனையும் இரண்டு முனையும் டைப்-சியான கேபிளால் இணைத்தால் வேறொரு வேடிக்கை. இரண்டுமே இரண்டு பாத்திரத்துக்கும் தயார் என்பதால் யார் ஹோஸ்ட் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கழற்றிச் சொருகினால் மாறவும் கூடும். புதிய கெர்னல்களில் சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டைப்சி என்று போனால் போர்ட்டின் பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதிலுள்ள டேட்டா ரோல் கோப்பைத் திறந்தால் இப்போதைய பாத்திரம் சதுர அடைப்புக்குறிக்குள் தெரியும். உங்கள் கணினியின் டைப்-சி சிப்புக்கு டிரைவர் இருந்தால்தான் அந்த அடைவு தெரியும்.

எல்எஸ்-யூஎஸ்பி பட்டியல்ல ஏதேதோ எண்ணா வருது. என்ன பார்க்கணும்?

மாட்டியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை அது. இரண்டு விஷயம் போதும். ஒன்று, முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு நான்கு இலக்கப் பதினாறடிமான எண்கள். முதலாவது தயாரித்தவரின் அடையாளம், இரண்டாவது பொருளின் அடையாளம். டப்பாவின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே எந்த சிப் என்பதை இதுதான் சொல்லும். டிரைவர் தேடும்போது டப்பாவிலுள்ள பெயரைத் தேடாதீர்கள், இந்த எண்ணைத் தேடுங்கள்.

இரண்டாவது, மர வடிவப் பட்டியல். அதே கட்டளையில் டி என்ற சிறிய எழுத்து விருப்பம் அதைத் தரும். ஒவ்வொரு வரியிலும் டிரைவரின் பெயரும் வேகமும் இருக்கும்: 1.5, 12, 480, 5000 மெகாபிட். டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தால் கெர்னல் சாதனத்தைப் பார்த்துவிட்டது, ஆனால் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். 5000 வர வேண்டிய இடத்தில் 480 வந்தால் கழற்றிவிட்டு வேகமாகச் சொருகிப் பாருங்கள். டைப்-ஏ முனையை மெதுவாக நுழைக்கும்போது பழைய யூஎஸ்பி 2 தகடுகள் முதலில் தொட்டு, சாதனம் அந்த வேகத்திலேயே நின்றுவிடுவது உண்டு.

ஹார்ட் டிஸ்க் டிக்-டிக்னு சத்தம் போடுது, ஆனா சுத்த மாட்டேங்குது. டிஸ்க் போச்சா?

அவசரப்படாதீர்கள், அதற்குச் சாப்பாடு போதவில்லை. யூஎஸ்பி 2 போர்ட் ஒரு சாதனத்துக்கு அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. யூஎஸ்பி 3 என்றால் 900. தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் 2.5 அங்குல டிஸ்க் இந்த அளவைத் தாண்டிக் கேட்கலாம். மேசைக் கணினி சமாளித்துவிடும், கையடக்கக் கணினி சமாளிக்காது.

ஓடிஜி விதிகள் இன்னும் கஞ்சத்தனமானவை. அந்தத் தரத்தின்படி ஒரு கையடக்கக் கருவி குறைந்தது 8 மில்லி ஆம்பியர் கொடுத்தாலே போதும்! நிஜத்தில் எல்லாரும் அதைவிடப் பல மடங்கு தருகிறார்கள் என்றாலும், கணினிக் கையேட்டில் எண் எதுவும் போடாமல் ‘ஓடிஜி உண்டு’ என்று மட்டும் இருந்தால் அதை நம்பி ஹார்ட் டிஸ்க் மாட்டாதீர்கள். பதிவேட்டில் ‘ஓவர்-கரன்ட்’ என்ற சொல்லோ, பஸ்ஸில் மின்சாரம் போதாததால் கான்ஃபிகரேஷனை நிராகரித்தேன் என்ற வரியோ வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்போ ஒரு ஹப் வாங்கி மாட்டினா சரியாயிடுமா?

எந்த ஹப் என்பதைப் பொறுத்தது. தனி மின்சாரம் இல்லாத ஹப், மேலிருந்து வரும் 500-ஐத்தான் பங்கு போடும். யூஎஸ்பி 2 கணக்குப்படி தனக்கு 100 எடுத்துக்கொண்டு, நான்கு போர்ட்டுக்கும் தலா 100 விடும். கணினியில் நேராக மாட்டியபோது வேலை செய்த வைஃபை டாங்கிள் ஹப்பில் மறுக்கப்படுவது இதனால்தான். டாங்கிள் தனக்கு 500 வேண்டும் என்று அறிவித்திருக்கும், கெர்னல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடும். சாதனம் எவ்வளவு கேட்கிறது என்பதை எல்எஸ்-யூஎஸ்பியின் விரிவான பட்டியலில் மேக்ஸ் பவர் என்ற வரியில் பார்க்கலாம்.

எனவே தனி அடாப்டர் உள்ள ஹப்தான் வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: மட்டமான சில ஹப்கள் தங்கள் அடாப்டரின் 5 வோல்ட்டை மேல் பக்கம், அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே தள்ளும். கணினியை அணைத்தபின்னும் ஹப் சொருகியிருக்கும்வரை ஏதாவது விளக்கு எரிகிறதென்றால், அந்த போர்ட் சார்ஜ் வாங்கும் போர்ட் இல்லையென்றால், ஹப்பைக் கழற்றி வையுங்கள். போர்டு கருகிய பிறகு புலம்பிப் பயனில்லை.

சார்ஜும் ஏறணும், கீபோர்டும் வேலை செய்யணும். ஒரே போர்ட்தான் இருக்கு.

டைப்-சியில் இது எளிது. சார்ஜரின் மின்சாரத்தைக் கணினிக்குக் கடத்திவிடும் (பவர் டெலிவரி) டாக், அதாவது பல போர்ட் கொண்ட இணைப்புப் பெட்டி, வாங்கினால் மின்சாரம் உள்ளே வரும், தரவுக்குக் கணினியே ஹோஸ்டாக இருக்கும். ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினி போல ஒற்றை டைப்-சி போர்ட் கொண்ட கருவிகள் இப்படித்தான் டாக்கில் உட்காருகின்றன. மைக்ரோ யூஎஸ்பியில் இரண்டும் சேர்ந்து நடக்க சார்ஜர் சிப்பும் கெர்னலும் ஒத்துழைக்க வேண்டும். ஒய் வடிவக் கேபிள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

மைனஸ் 71, மைனஸ் 110னு பிழை வருதே, இதெல்லாம் என்ன கணக்கு?

லினக்ஸின் பொதுவான பிழை எண்கள். மைனஸ் 71 என்றால் பேச்சில் விதிமீறல், வந்த சிக்னல் உருக்குலைந்திருக்கிறது. மைனஸ் 110 என்றால் கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதில் இல்லை. மைனஸ் 32 என்றால் சாதனம் அந்தக் கேள்வியை மறுத்துவிட்டது.

71-உம் 110-உம் டிஸ்கிரிப்டர் (சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரம்) படிக்கும் வரியிலேயே வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை வன்பொருள்தான் என்பது என் அனுபவம். கேபிளைக் குறுக்குங்கள் (யூஎஸ்பி 2-க்கு 5 மீட்டர்தான் உச்சம், கையடக்கக் கருவியில் அரை மீட்டரே நல்லது), அடாப்டர் மேல் அடாப்டர் போட்டிருந்தால் குறையுங்கள், பிறகு மேலே சொன்ன மின்சாரப் பிரச்சினையைப் பாருங்கள். டிரைவரைத் தேடி அலைவது அதற்கெல்லாம் அப்புறம்.

எல்எஸ்-யூஎஸ்பியில தெரியுது, ஆனா வைஃபை வரலை.

மர வடிவப் பட்டியலில் டிரைவர் இடம் காலியா? கையடக்கக் கருவிக்கான கெர்னலை இடம் மிச்சப்படுத்துவதற்காக ஒட்ட வெட்டியிருப்பார்கள். மேசைக் கணினியில் இருக்கும் டிரைவர் இதில் கட்டப்படாமலே போயிருக்கலாம். ப்ராக் அடைவில் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு சுருக்கப்பட்டுக் கிடந்தால் அதில் தேடிப் பார்க்கலாம்.

டிரைவர் பெயர் தெரிகிறது, ஆனாலும் வேலை இல்லையென்றால் பதிவேட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லும் மைனஸ் 2-உம் இருக்கிறதா பாருங்கள். மைனஸ் 2 என்றால் கோப்பு இல்லை. பல டாங்கிள்களுக்குள் நிரந்தர மென்பொருள் கிடையாது. ஒவ்வொரு முறையும் கெர்னல்தான் ஊட்ட வேண்டும். அந்தக் கோப்புகள் அடங்கிய பொதியை நிறுவிவிட்டுச் சாதனத்தைக் கழற்றிச் சொருகினால் போதும்.

நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. அப்டேட் போட்டேன், இன்னிக்குப் புதுசா எதைச் சொருகினாலும் எடுக்கலை.

ரீபூட் செய்தீர்களா? சில லினக்ஸ் விநியோகங்களில் (டிஸ்ட்ரோ) கெர்னலைப் புதுப்பித்தால், டிரைவர்கள் இருக்கும் பழைய பதிப்பின் மாட்யூல் அடைவு அப்போதே நீக்கப்படும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல். ஏற்கெனவே ஏறிய டிரைவர்கள் ஓடும், புதிதாக எதையும் ஏற்ற முடியாது. ரீபூட் செய்தும் சரியாகவில்லையென்றால் பூட் பகிர்வில் கெர்னல் மாறாமல் மாட்யூல்கள் மட்டும் மாறியிருக்கலாம். யூநேம் கட்டளை காட்டும் கெர்னல் பதிப்பும் மாட்யூல் அடைவின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்டீம் டெக்கில் இயக்கமுறைமையின் பகிர்வு படிக்க மட்டுமே. அந்தத் தடையை நீக்கி நீங்கள் சேர்த்த டிரைவர் அடுத்த அப்டேட்டோடு காணாமல் போகும். அங்கே அது பழுது இல்லை, வடிவமைப்பே அப்படித்தான்.

மோடம் சொருகினா சிடி டிரைவ்னு காட்டுது!

அது ஒரு பழைய தந்திரம். விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் சிடி போல நடிக்கும். சிடியை வெளியே தள்ளச் சொல்லும் கட்டளையோ அதற்கென உள்ள வேறு செய்தியோ கிடைத்தால் மோடமாக மாறும். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பொதியை நிறுவினால் அதுவே பார்த்துக்கொள்ளும். மாறும்போது பொருளின் அடையாள எண்ணும் மாறும், பயப்பட வேண்டாம். சில வைஃபை டாங்கிள்களும் இதே நாடகம் ஆடும்.

சீரியல் கேபிள் மாட்டினேன், ‘பெர்மிஷன் டினைட்’னு வருது. சூடோ போட்டா ஓடுது. அப்படியே விட்டுடலாமா?

விடாதீர்கள். சீரியல் சாதனங்கள் டெபியன் வழி சிஸ்டங்களில் டயல்அவுட் குழுவுக்கும், ஆர்ச் வழியில் யூயூசிபி குழுவுக்கும் சொந்தம். உங்கள் பயனர் பெயரை அந்தக் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். மறுபடி உள்ளே வருவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

அதே சீரியல் கேபிள்தான். வந்த ஒரு நொடியில மறைஞ்சுபோகுது.

பதிவேட்டில் பிஆர்எல்-டிடிஒய் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் சேவை அது. சில பிரெய்ல் திரைகளில் உள்ள அதே மலிவான சீரியல் சிப் உங்கள் கேபிளிலும் இருந்தால், அடையாள எண் ஒன்றாக இருப்பதால் அந்தச் சேவை தனக்கான சாதனம் வந்துவிட்டது என்று பிடுங்கிக்கொள்ளும். 2022-இல் வந்த உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் வைத்திருந்த பலர் இதில் மாட்டினார்கள். பிரெய்ல் திரை யாரும் பயன்படுத்தாத கருவி என்றால் அந்தப் பொதியை நீக்கலாம். பயன்படுத்துகிறவர் இருந்தால் அந்த ஒரு அடையாள எண்ணுக்கான யூடெவ் விதியை (சாதனம் சொருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் விதி) மட்டும் முடக்குங்கள்.

பென் டிரைவ் திறக்குது, ஆனா எழுத விடலை.

விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிரைவா? அங்கே ஒழுங்காகக் கழற்றாமல் பிடுங்கியிருந்தால் ‘அழுக்கு’ என்ற குறி அதில் இருக்கும். லினக்ஸ் ஜாக்கிரதையாகப் படிக்க மட்டும் விடலாம், ஏற்றவே மறுக்கவும் செய்யலாம். விண்டோஸிலேயே சரிபார்த்துக் கழற்றுவது நல்லது.

சுத்தமாக ஏறவே இல்லையென்றால் கெர்னலின் வயதைப் பாருங்கள். எக்ஸ்ஃபேட் ஆதரவு கெர்னலுக்குள் ஒழுங்கான வடிவில் வந்தது 2020-இல், 5.7 பதிப்பில். புதிய என்டிஎஃப்எஸ் டிரைவர் 2021-இல், 5.15-இல். பழைய கருவிகளோடு வந்த கெர்னல்களுக்கு இரண்டும் தெரியாது. ஃபேட்32-ஆக வடிவமைத்தால் எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது.

காப்பி அரை நிமிஷத்துல முடிஞ்சது. கழற்றிப் பார்த்தா பாதிக் கோப்புதான் இருக்கு.

முடிந்தது என்று திரை சொன்னது நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான். அங்கிருந்து மெதுவான பென் டிரைவுக்கு எழுதும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். சிங்க் கட்டளை திரும்பி வரும்வரை காத்திருந்து, அன்மவுண்ட் செய்து, பிறகு கழற்றுங்கள்.

கீபோர்டுல கொஞ்ச நேரம் கழிச்சு முதல் எழுத்து மட்டும் விழமாட்டேங்குது.

ஆட்டோசஸ்பெண்ட். சும்மா இருக்கும் சாதனத்தைக் கெர்னல் தூங்க வைக்கிறது, முதல் அடி அதை எழுப்புவதிலேயே போய்விடுகிறது. கெர்னல் தானாகத் தூங்க வைப்பது பெரும்பாலும் ஹப்களைத்தான். கீபோர்டையும் சேர்த்து அமுக்குவது பேட்டரி மிச்சம் பிடிக்க நீங்களோ விநியோகமோ போட்ட மென்பொருள்கள், பவர்டாப் அல்லது டிஎல்பி மாதிரி. சிஸ் அடைவில் அந்தச் சாதனத்தின் பவர் பகுதியில் கன்ட்ரோல் என்ற கோப்பில் ‘ஆட்டோ’ இருக்கும், அதை ‘ஆன்’ என்று மாற்றிப் பாருங்கள். குணமானால் யூடெவ் விதியாக எழுதி நிரந்தரமாக்கலாம். ஒட்டுமொத்தமாக எல்லாவற்றுக்கும் நிறுத்தினால் பேட்டரிதான் அழும்.

எஸ்எஸ்டி மாட்டினதும் வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போகுது. டிரைவர் சண்டையா?

சண்டை காற்றில் நடக்கிறது. யூஎஸ்பி 3-இன் தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. மவுஸ் டாங்கிளும் ப்ளூடூத்தும் வைஃபையின் ஒரு பகுதியும் அங்கேதான் குடியிருக்கின்றன. கையடக்கக் கருவியில் ஆன்டெனாவும் போர்ட்டும் ஒட்டி ஒட்டி இருப்பதால் பாதிப்பு அதிகம். டாங்கிளை ஓர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது எஸ்எஸ்டியை யூஎஸ்பி 2 கேபிளில் மாட்டுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அதுவாவது தப்பிக்கும்.

எஸ்எஸ்டி பெரிய கோப்பு எழுதும்போது தொங்கிப்போகுது. மின்சாரம் சரியாத்தான் இருக்கு.

டிரைவர் யூஏஎஸ் என்று வருகிறதா? அது புதிய வேகமான முறை. சில எஸ்எஸ்டி பெட்டிகளின் பாலச் சிப்புகள் அதைச் செய்வதாகச் சொல்லிவிட்டு நடுவில் கைவிரிக்கும். கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்பதற்கு அந்தச் சாதனத்தின் இரண்டு அடையாள எண்ணையும், கடைசியில் யூ என்ற சிறிய எழுத்தையும் கொடுத்தால் பழைய முறைக்கு இறங்கிவிடும். வேகம் கொஞ்சம் குறையும், தொங்காது.

ரெண்டாவது வெப்கேமை ஓடவிட்டா ‘டிவைஸ்ல இடமில்லை’ங்குது. மெமரி கார்டைக் காலி பண்ணிட்டேன், அப்பவும் அதேதான்!

கார்டைக் காலி செய்தவர் நீங்கள் மட்டும் இல்லை. மைனஸ் 28 என்ற எண்ணுக்கு லினக்ஸில் ஒரே வாசகம்தான், டிஸ்க் நிறைந்தாலும் அதே, யூஎஸ்பி பாதை நிறைந்தாலும் அதே. கேமரா போன்றவை தமக்கான நேரத்தை முன்பதிவு செய்கின்றன. 480 மெகாபிட் பாதையில் இப்படி முன்பதிவு செய்யக்கூடியது 80 சதவீதம்தான். முதல் கேமராவே தேவைக்கு மேல் கேட்டு வாங்கியிருந்தால் இரண்டாவதுக்கு இடம் கிடைக்காது.

கேமராவை எம்ஜெபெக் என்ற சுருக்கப்பட்ட வடிவத்துக்கு மாற்றி அளவைக் குறையுங்கள். எம்ஜெபெக்குக்கு மாற்ற முடியாமல் அதிகமாகக் கேட்கும் கேமரா என்றால் யூவிசி-வீடியோ டிரைவருக்குக் குவர்க்ஸ் 128 என்று கொடுங்கள், கேமரா சொல்வதை நம்பாமல் டிரைவரே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் இது சுருக்காத வீடியோவுக்குத்தான் பலிக்கும்.

பழைய பண்டோரா வச்சிருக்கேன். பென் டிரைவ் எடுக்குது, சாதாரண கீபோர்டு எடுக்கலை. தலைகீழா இருக்கே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2010-இல் வெளிவந்த ஓப்பன்பண்டோரா என்ற கையடக்க லினக்ஸ் கணினியின் ஓமேப்3 சிப்பிலுள்ள பெரிய யூஎஸ்பி போர்ட்டுக்கு 480 மெகாபிட் வேகம் மட்டுமே தெரியும். கீபோர்டும் மவுஸும் 1.5 அல்லது 12-இல் பேசுகிறவை. மற்ற கணினிகளில் மெதுவான சாதனங்களுக்கென்று துணைக் கட்டுப்பாட்டுச் சிப்போ உள் ஹப்போ இருக்கும், இதில் அந்த வழி இல்லை. நடுவில் ஒரு யூஎஸ்பி 2 ஹப் வையுங்கள். அதற்குள் இருக்கும் மொழிபெயர்ப்புப் பகுதி மெதுவான பேச்சை வேகமான பேச்சாக மாற்றித் தரும். மேலே மின்சாரத்துக்காக ஹப் பற்றிச் சொன்னேன். இங்கே மின்சாரம் போதுமாக இருந்தாலும் ஹப் வேண்டும்.

2004-இல் வந்த ஷார்ப் ஜாரஸ் சி3000 என்ற கையடக்க லினக்ஸ் கணினியில் இதற்கு நேர்மாறு. அதன் ஹோஸ்ட் 12 மெகாபிட்டைத் தாண்டாது. எல்லாம் எடுக்கும், எல்லாம் ஆமை வேகத்தில்.

போர்ட்டே செத்துப்போச்சான்னு எப்படி உறுதி பண்றது?

முதலில் கணினியை அணைத்துவிட்டு, டைப்-சி ஓட்டைக்குள் பஞ்சு அடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பாக்கெட்டில் போகும் கருவி அது. இருந்தால் மரக்குச்சியால் மெல்ல எடுங்கள், ஊசி வேண்டாம். அடுத்து வேறொரு மெமரி கார்டில் வேறு சிஸ்டத்தை ஏற்றி அதில் சோதியுங்கள்.

டைப்-சியில் இன்னொரு சோதனை உண்டு: முனையைத் திருப்பிச் சொருகுவது. ஒரு பக்கம் வைத்தால் வேலை, திருப்பினால் மௌனம் என்றால் பெரும்பாலும் ஒரு வரிசைத் தகடுகளோ ஒரு சிசி இணைப்போ விட்டுப்போயிருக்கிறது. கேபிளை மாற்றியும் அப்படியே இருந்தால் சாலிடரிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் வேலை செய்து, ஒரு பக்கத்தில் மட்டும் 5000-க்குப் பதில் 480 என்று காட்டினால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். எந்தப் பக்கம் சொருகியிருக்கிறது என்று பார்த்து வேக இணைப்புகளை மாற்றிவிடும் சுவிட்சுக்குச் சரியான டிரைவர் இல்லாவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும். புதிய கெர்னல் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.